டேப் சுத்துன பிரேக்

ஏறுங்க சார், சும்மா ஏறுங்க. சேலம் பஸ் இப்பத்தான் போச்சு. அடுத்தது வர்றதுக்குள்ள இந்தப் பனியில வெறச்சுப் போயிருவீங்க. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க. இன்னும் கொஞ்சம் ஓங்கி. ஆங், அவ்வளவுதான். பழைய வண்டி, மரியாதையாச் சாத்துனா மதிக்காது. பையை மடியிலயே வச்சுக்குங்க, பின்னால இடமில்ல. சீர் ஏத்தியிருக்கேன். வாழைத்தார், தேங்காய், பித்தளைக் குடம், பட்டுப்பாவாடை. தூசி படக்கூடாதுன்னு போர்வை போத்தி வச்சிருக்கேன். இன்னிக்கு என் பேத்தி நிறைமதிக்குக் காதுகுத்து. அடிவாரம் தாண்டுனா ஒரு முனியப்பன் கோயில் இருக்குதில்ல, அங்கதான்.

காலுக்கடியில ஒரு பாட்டில் உருளும். அதை ரெண்டு காலுக்கும் நடுவுல நிக்க வச்சுக்குங்க. பிரேக் ஆயில். சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்கு வச்சிருக்கறது. நீங்க பயப்படாதீங்க.

என் பேரு அர்த்தநாரிங்க. ஏற்காட்டுல எந்த பங்களாவுல வேணும்னாலும் போய் பிளம்பர் அர்த்தநாரின்னு கேட்டுப் பாருங்க. முப்பது வருசமா இந்த ஊர்ல தண்ணி நான் சொன்ன இடத்துலதான் நிக்கும், நான் சொன்ன இடத்துலதான் ஓடும். பீத்திக்கிறேன்னு நினைக்காதீங்க. இப்ப வர்றவனுங்க எல்லாம் பிளாஸ்டிக் குழாயில பசையைத் தடவி ஒட்டிட்டு பிளம்பர்னு போர்டு வச்சுக்கறானுங்க. குழாய் முனையில திருகுற மரை போடத் தெரியாதவனுக்கு எதுக்கு போர்டு?

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற.

எனக்கு ஒரே புள்ள. சுகந்தின்னு பேரு. ஆம்பளப் புள்ள கிடையாது. அதனால பேத்திக்குத் தாய்மாமன் மடி கிடையாது. அப்ப யாரு மடியில உக்கார வச்சுக் காது குத்தறது? தாத்தா மடியிலதான். நியாயம்தானே? சுகந்தியும் அப்படித்தான் சொன்னா. சொல்லிட்டு ஒரு கண்டிஷன் போட்டா பாருங்க. "அப்பா, நீங்க பஸ்ல வரணும். அந்த வண்டியை எடுத்துட்டு வந்தீங்கன்னா குழந்தையை உங்க மடியில வைக்க மாட்டேன்." பெத்த அப்பனுக்குக் கண்டிஷன்! என் சம்சாரமாவது எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? நேத்தே பஸ் ஏறிப் போயிட்டா. ஏன்டின்னு கேட்டா, கார்ல போனா வாந்தி வருதாம். கல்யாணமாகி இத்தனை வருசத்துல இல்லாத வாந்தி.

இருங்க, வளைவு. ம். இந்த பிரேக் ரெண்டு மிதி கேக்கும், வேற ஒண்ணுமில்ல. முதல் மிதி சும்மா சொல்லி வைக்கறதுக்கு, ரெண்டாவது மிதியில கப்புனு பிடிக்கும். பாத்தீங்களா? நின்னுச்சா இல்லியா? ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம். நாமதான் புரிஞ்சு நடந்துக்கணும்.

இதுக்கெல்லாம் காரணம் ஒருத்தன். சுகந்தியைக் கட்டிக்கிட்டவன். மாப்பிள்ளைன்னு என் வாயில வராதுங்க. அஞ்சு வருசமாச்சு, இன்னும் ஒரு தரம்கூட வந்ததில்ல. பேரு தீர்த்தகிரி. அரூர்ப் பக்கம். கீழ சேலத்துல, கோரிமேட்டுல கார் பட்டறை வச்சிருக்கான். இவ காலேஜ் படிக்கறப்ப காலேஜ் பஸ் ரிப்பேராயி நடுரோட்டுல நின்னுது. அதைச் சரி பண்ண வந்தவன்தான் அவன். பஸ்ஸைச் சரி பண்ணச் சொன்னா என் வீட்டைப் பிரிச்சுட்டுப் போயிட்டான்.

மெக்கானிக்குன்னு நான் குறை சொல்லல. தொழில்ல என்ன இருக்குது? ஆனா சுத்தம்னு ஒண்ணு இருக்குதுங்களே. அவன் நகக்கண்ணைப் பாத்தீங்கன்னா எப்பவும் கருப்பு. அந்தக் கையால என் வீட்டுல சோறு திங்கறான். என் கையைப் பாருங்க. கக்கூஸ் பைப்புல முப்பது வருசம் கெடந்த கை. சோப்புப் போட்டா பளிச்சுனு ஆயிரும். கிரீஸு போகுமா? ஜென்மத்துக்கும் போகாது.

நான் அவன்கிட்டப் பேசறதில்ல. கல்யாணத்தன்னிக்கு மூஞ்சியைத் திருப்புனவன்தான், இன்னி வரைக்கும் திருப்புனது திருப்புனபடி இருக்குது. அவனுக்கும் ரோசம் ஜாஸ்தி. என்னமோ சொல்லணும்னா சுகந்திகிட்டச் சொல்லுவான், நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தச் சொல்லு"ம்பான். நான் சுகந்திகிட்ட "போதும்னு சொல்லு"ம்பேன். நடுவுல அந்தப் புள்ள ரெண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. இப்ப நிறைமதி பேச ஆரம்பிச்சதுல இருந்து அவ மூலமா நடக்குது. மூணு வயசுக் குழந்தை, பாதிதான் சரியாச் சொல்லும்.

விசயத்துக்கு வர்றேன். போன தீபாவளிக்கு பாப்பாவை வண்டியில ஏத்திட்டு கோரிமேட்டுல ஒரு சுத்து சுத்துனேன். ஒரு முட்டுச்சந்து. பிரேக் கொஞ்சம் தாமதமாப் பிடிச்சுது. அதுக்குள்ள அந்தச் சுவர் கிட்ட வந்துருச்சு. லேசாத்தான் ஒரசுச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல, பாப்பா கைதட்டிச் சிரிச்சா. ஆனா அவங்கம்மா ஓடி வந்து குழந்தையை வாரி எடுத்துட்டு ஒரு அழுகை அழுதா பாருங்க, நான் ஏதோ கொலை பண்ணுன மாதிரி. அக்கம் பக்கமெல்லாம் எட்டிப் பாக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

அவன் என்ன பண்ணுனான்? தீபாவளித் துணியோட வண்டிக்கு அடியில படுத்துட்டான். அறிவு இருக்கறவன் பண்ணுற வேலையா? வெளிய வந்து சுகந்திகிட்டச் சொல்லுறான்: "பின்னால இடது சக்கரத்துக்குப் போற பிரேக் பைப்புல, நட்டு சேர்ற இடத்துல ஆயில் ஒழுகுது. மாமாவை வண்டியை இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லு. புதுப் பைப் போட்டுத் தர்றேன்."

யாருகிட்ட? என்கிட்ட! நட்டுல ஒழுகுதாம், அதுக்கு நான் இவன் பட்டறையில வண்டியை விட்டுட்டு பஸ்ல மலை ஏறணுமாம். மரையில ஒழுக்கு நிறுத்தறதுதான் சார் என் பொழப்பு! குடிதண்ணிக் குழாய், வெந்நீர்க் குழாய், மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, எத்தனை மரை பாத்திருப்பேன்! பைப்புன்னா பைப்புதான். உள்ள தண்ணி ஓடுனா என்ன, ஆயில் ஓடுனா என்ன?

இருங்க, இருங்க. லாரி. ஹாரன் அடிக்கறான் பாருங்க, காது செவுடுங்கற மாதிரி. ம்... ம்... ம். மூணு மிதி. இறக்கத்துல அப்படித்தான் கேக்கும். நீங்க ஏன் சார் காலை அழுத்தறீங்க? உங்க பக்கம் பிரேக் இல்ல.

வீட்டுக்கு வந்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். நட்டைக் கழட்டினேன். மரை சின்ன மரை, நம்ம குழாய் மாதிரி தடியா இல்ல. அதனால என்ன? குழாய்க்குச் சுத்தற வெள்ளை டேப்பை எடுத்து, மரை சுத்துற வாக்குலயே நல்லா இழுத்து ஏழெட்டுச் சுத்து சுத்தினேன். அதுக்கு மேல ஒரு இழை சணல், கொஞ்சம் வெள்ளை பெயிண்ட். போட்டு ஸ்பேனர்ல முறுக்கினேன். திருப்தியா இல்ல. பைப் ரிஞ்சைப் போட்டு இன்னொரு முறுக்கு. நட்டோட முனையெல்லாம் மழுங்கிப் போச்சு. போகட்டும், இனிமே அதை எவன் கழட்டப் போறான்? ராத்திரி பூரா வண்டிக்கடியில பேப்பர் விரிச்சு வச்சேன். காலையில பாத்தா ஒரு சொட்டு இல்ல! போட்ட பேப்பர் போட்டபடி இருக்குது. அப்பறம் ஓட்டறப்ப லேசா ஆயில் குறையும். ஓட்டுனா குறையாதா? பெட்ரோலும்தான் குறையுது.

சுகந்திக்கு போன் பண்ணி, வேலை முடிஞ்சுதுன்னு சொன்னேன். எப்படிப் பண்ணுனீங்கன்னா. டேப் சுத்தினேன்னேன். பின்னால அவன் குரல் கேக்குது. சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. "ஐயையோ"ங்கறான். அப்பறம் பாடம் எடுக்கறான், என் மக மூலமா: "பிரேக் பைப்புல மரை ஆயிலை நிறுத்தாதுன்னு மாமாகிட்டச் சொல்லு. பைப்போட வாய் குடை மாதிரி விரிஞ்சிருக்கும். அந்த வாய் போய் உக்கார்ற இடத்துலதான் ஆயில் நிக்கணும். நட்டு அதை அழுத்திப் பிடிக்கறதுக்கு மட்டும்தான். நடுவுல டேப் சுத்துனா நட்டு முழுசா இறங்காது, வாய் அழுந்தாது. டேப் பிஞ்சு உள்ள போனா இன்னும் மோசம். மிதிக்கறப்ப உள்ள வர்ற அழுத்தம் தண்ணித்தொட்டி அழுத்தம் இல்லைன்னு சொல்லு."

கேட்டீங்களா? பைப்புக்கு வாயாம். குடையாம். மரை எதுக்கு இருக்குதாம், அழகுக்கா? நான் சொன்னேன், "சுகந்தி, அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் மரை போட்டவன்னு சொல்லு"ன்னு. அவ சொல்லல. போனை வச்சுட்டா.

அதோட விட்டானா? ஒரு வாரம் கழிச்சு பஸ்ல வர்றவன்கிட்ட ஒரு பைப் கொடுத்தனுப்பறான். நட்டு எல்லாம் போட்டு, ரெண்டு பக்கமும் வாய் விரிச்சு, என் வண்டிக்கு எங்கெங்க வளையணுமோ அங்கங்க வளைச்சு வச்சிருக்கான். வண்டி இல்லாமயே எப்படி வளைச்சானோ. அன்னிக்கு அடியில படுத்தப்பவே மனசுல அளவெடுத்துட்டான் போல, திருட்டுப்பய. நான் அதை மாட்டுவேனா? வாங்கி டிக்கியில போட்டேன். தூக்கிப் போடறதுக்கு மனசு வரல, பித்தளை நட்டு. பைப் துரு பிடிச்சுரக்கூடாதுன்னு பேப்பர்ல சுத்தி வச்சேன். அவ்வளவுதான்.

அதுக்கப்பறம்தான் இந்தக் கண்டிஷன். பஸ்ல வரணுமாம். பேத்தி காதுகுத்துக்குச் சீரோட தாத்தன் பஸ்ல தொங்கிட்டு வரணும், அவன் சொந்தக்காரங்க எல்லாம் பாக்கணும். "வண்டி வச்சிருக்கறவராம், மருமகன் பேச்சைக் கேட்டு பஸ்ல வர்றாரு"ன்னு பேசணும். நான் வண்டியிலயே போய், கோயில் வாசல்ல, அவன் கண்ணு முன்னாலயே நிறுத்தறேன். நிறுத்திக் காட்டறேன். அதுக்கப்பறம் எவ பாப்பாவை மடியில வைக்க மாட்டேங்கறான்னு பாக்கறேன். வெள்ளிக் கொலுசு எடுத்திருக்கேன் சார். சின்னக் கால்ல போட்டா சலங்கு சலங்குன்னு கேக்கும். நல்ல நேரம் முடியறதுக்குள்ள போயிரணும். மடி காலியா இருந்தா அவன் அண்ணன் ஒருத்தன் இருக்கான், வந்து உக்காந்துக்குவான்.

ஏன் சார், இங்க எதுக்கு இறங்கணும்ங்கறீங்க? இங்க ஒரு வீடு வாசல் இல்லியே. சும்மா இருங்க, இன்னும் கொஞ்சம்தான்.

ம். ம்... ம்...

இதென்ன, பிரேக் அடிவரைக்கும் போகுது.

சார், பேசாதீங்க. கையை முன்னால வச்சுக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. கியரைக் குறைக்கறேன். உறுமட்டும், பரவால்ல. கைப்பிரேக்கு... இழுத்துட்டேன். இன்னும் ஓடுது. பள்ளத்துப் பக்கம் பாக்காதீங்க. அந்தா, மலையை ஒட்டி ஜல்லி கொட்டியிருக்கான் பாருங்க. அதுல விடறேன். முனியப்பா!

...

நின்னுருச்சா?

நின்னுருச்சு. அடி பட்டுச்சா உங்களுக்கு? தலையை இப்படிக் காட்டுங்க. ஒண்ணுமில்ல. பாத்தீங்களா, நிக்காதுன்னு எவன் சொன்னான்? நின்னுருச்சில்ல?

இறங்குங்க, மெதுவா. சக்கரத்துக்குக் கல்லு வைங்க. பெரிய கல்லா. டேய்! சீ, போ! குரங்கு சார், வாழைத்தாரைப் பாத்துருச்சு. கண்ணாடியை ஏத்துங்க. அந்தப் பக்கக் கண்ணாடி ஏறாது. போச்சு, சீப்போட போச்சு. தின்னு, நல்லாத் தின்னு. இதுக்குத்தான் தோட்டத்துல போயி நின்னு தார் வெட்டிட்டு வந்தேன்.

மணி என்ன சார்? ஐயோ.

நடந்து போக முடியாது. பஸ்ஸுல வேணா... இவ்வளவு சீரை எவன் ஏத்துவான்? சார், உங்க போன்ல டவர் இருக்குதா? என் போன் இருக்குது, இதுல பண்ண வேண்டாம். நம்பரைப் பாத்தா நான்னு தெரிஞ்சுரும். நீங்களே பண்ணுங்க. கோரிமேட்டு மெக்கானிக் ஒருத்தன்னு வச்சுக்குங்க. நம்பர் சொல்றேன், போடுங்க. எழுதியெல்லாம் வைக்கல, மனப்பாடம். பட்டறை போர்டுல பெருசா எழுதி வச்சிருக்கான். அந்த வழியாப் போறப்ப வர்றப்ப கண்ணுல படும். அங்க ஒரு வேகத்தடை இருக்குது, மெதுவாத்தான் போகணும். அதனாலதான். என் பேரைச் சொல்லிராதீங்க. வழியில ஒரு வண்டி நின்னுருச்சு, பிரேக் இல்ல, அவ்வளவுதான் சொல்லணும்.

எடுத்துட்டானா? சொல்லுங்க.

என்ன சொல்றான்?... வண்டி பேரே கேக்கலியா? பின்ன என்ன கேட்டான்? "மாமாவுக்கு அடி ஒண்ணும் இல்லையே"ன்னா? அவனுக்கு எப்படித் தெரியும்? எவன் சொன்னது? நீங்க என் பேரைச் சொல்லலியே? இல்லியே?

அடிவாரத்துலதான் நிக்கிறானா? எப்ப இருந்து? காலையில இருந்தா? கோயில்ல அத்தனை பேரும் வந்திருப்பாங்க, பாப்பாவைப் பெத்த அப்பன் வந்து அடிவாரச் செக்போஸ்ட்டுல நிக்கிறானா? அந்தப் பொம்பள சொல்லியிருப்பா, என் சம்சாரம். பஸ்ல போனவ வாயை வச்சுட்டுச் சும்மா இருந்தாளா? சரி, நல்ல நேரம் முடியப் போகுதேன்னு கேளுங்க. மடி... மடியில யாரை உக்கார வச்சாங்கன்னு கேளுங்க. நீங்க கேக்கற மாதிரி கேளுங்க.

யாரையும் வைக்கலியா?

"மாமா வராம எப்படி"ன்னா?

சரி. சரி. வைங்க போனை. சார்ஜ் செலவாகப் போகுது.

என்ன? இன்னும் பேசறானா? அனுப்பி வச்ச பைப் இருக்குதான்னு கேக்கறானா? இருக்குன்னு சொல்லுங்க. டிக்கியில, ஸ்டெப்னிக்குப் பின்னால, பேப்பர்ல சுத்தி. எனக்குத் தெரியாம எப்படியோ அங்க கெடக்குதுன்னு சொல்லுங்க.

இங்க நிழல்ல உக்காருங்க சார். உங்களையும் கெடுத்துட்டேன், எல்லாம் அவனாலதான். அன்னிக்கே வாயை மூடிட்டு இருந்திருந்தான்னா எனக்கு இந்த வீம்பு வந்திருக்குமா? பைப்போட வாயைப் பத்திப் பேசறவனுக்குத் தன் வாயை வச்சுட்டுச் சும்மா இருக்கத் தெரியல. வந்தான்னா நீங்கதான் பேசணும். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன். நான் பேச மாட்டேன், முன்னாலயே சொல்லிட்டேன்.

பைக் சத்தம். அவன்தான். வளைவுல எப்படிச் சாய்ச்சுட்டு வர்றான் பாருங்க, ஒரு பொறுப்பு இருக்குதா? புள்ளைக்குக் காதுகுத்து, பட்டு வேட்டி கட்டியிருக்கான், தோள்ல டூல்ஸ் பை. சேர்ற பொருளா அது? வந்துட்டான். என்னைப் பாக்கறான். நான் பாக்கல. டிக்கியைத் தொறக்கறான். பைப்பை எடுத்துட்டான். அடுத்து பாருங்க, இப்ப என்ன பண்ணுவான் தெரியுங்களா, ஒரு யோசனை இல்லாம அப்படியே போய் அந்த ஜல்லி மேல...

மாப்ளே! மாப்ளே, படுக்காதீங்க! பட்டு வேட்டிங்க, ஆயில் சொட்டுது! பின் சீட்டுல போர்வை இருக்குது பாருங்க, அதை எடுத்து விரிச்சுக்குங்க. சீர் மேல இருந்தா என்ன, எடுங்க! ஆங், நல்லா மடிச்சு. தலைக்கும் கொஞ்சம் இழுத்து விடுங்க, கல்லு குத்தும்.

பாத்தீங்களா சார்? ஒவ்வொண்ணும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்குது. இவன்கூட எப்படிப் பேசறது? அதனாலதான் நான் பேசறதே இல்ல. இன்னிக்கும் பேசப் போறதில்ல, நீங்களே இருந்து பாருங்க.

என்ன சார், எதுக்குச் சிரிக்கறீங்க?